யாரிடமும் சொல்லாத பாயிண்ட்

எனக்குச் சந்தேக புத்தி. பால் பாக்கெட் வாங்கினால் ஓரத்தை அமுக்கிப் பார்ப்பேன். ஆட்டோக்காரர் குறுக்குத் தெருவில் திருப்பினால் ஏன் என்று கேட்பேன். வெளிநாட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சு என்று சொன்னால், என்ன சாப்பிட்டீங்க என்று அடுத்த கேள்வியைப் போடுவேன். மனுஷன் சலித்துக்கொள்வார். ஆனால் இந்தப் புத்திக்குத்தான் எனக்கு மாசாமாசம் சம்பளம் வருகிறது. அறந்தாங்கியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். புரோகிராம் எழுதினவர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். இல்லை என்று காட்டுவது என் வேலை.

அதனால் என் அண்ணன் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன் போட்டு, செல்லுக்குள்ளே எவனோ உட்கார்ந்திருக்கிறான், வந்து பார் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

அண்ணனுக்கு நாட்டுப்படகு, நண்டு வலை. மத்தியானத்துக்கு மேல் போய் வலையைக் கடலில் விட்டுவிட்டு இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடுவான். மறுநாள் விடியலில் போய் எடுப்பான். வலை விடுகிற இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். நல்ல நண்டு விழுகிற பாயிண்ட் கிடைத்தவன் அதை வெளியே விடவே மாட்டான். கரைக்கு வந்து, ஒண்ணுமே படலை என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். அது பொய் என்று சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நாளைக்கு அவர்களும் அதே பொய்யைத்தான் சொல்வார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

அண்ணன் தன் பாயிண்டுகளையெல்லாம் செல்போனில் ஒரு மேப் ஆப்பில் குறித்து வைத்திருந்தான். கொஞ்ச நாளாக அவன் எங்கே வலை விட்டாலும், மறுநாள் போய்ப் பார்த்தால் பக்கத்திலேயே வேறு படகுக்காரர்களின் மிதவைக் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு தடவை என்றால் தற்செயல். இடம் மாற்றினான், அங்கேயும் வந்தார்கள். இன்னும் தள்ளிப் போனான், மூக்கில் வேர்த்த மாதிரி அங்கேயும் வந்தார்கள். வலை நண்டுக்குப் பதிலாகக் காற்றைத்தான் பிடித்தது.

படகில் போகிறவர்கள் இரண்டே பேர். அண்ணனும், பள்ளிக்கூடத்திலிருந்து அவனோடு சேர்ந்தே திரிகிற கூட்டாளியும். அவர் மீனவத் தெரு, நாங்கள் பள்ளிவாசல் தெரு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது குழப்பம் வரும் என்பதால் இங்கே கூட்டாளி என்றே சொல்லிவிடுகிறேன். இஞ்சினைப் பிடிப்பது அவர்தான். படகில் எந்த ஆணி எங்கே ஆடுகிறது என்பது வரை அவருக்குத் தெரியும்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒண்ணு இந்த செல்லு. இல்லைன்னா அவன்."

பாயிண்டை விக்கிறவன் என்று ஒருவருக்குப் பேர் விழுந்துவிட்டால் அந்தக் கரையில் எந்தப் படகிலும் அவரை ஏற்றமாட்டார்கள். ஐஸ் பெட்டி தூக்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள். அவருக்குக் கடலைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. ஆப் திருட்டு ஆப் என்று நான் காட்டினால் மனுஷன் தப்பித்தார். ஆப் சுத்தம் என்று நான் சொன்னால் அவர் கதை முடிந்தது. அண்ணன் என் கையில் கொடுத்தது செல்போனை மட்டும் இல்லை.

வழக்கமாக ஆபீசில் கேட்கிற கேள்விகளைத்தான் அவனிடமும் கேட்டேன். இந்த இடத்தை யார்கிட்டயாவது சொன்னியா, காட்டினியா, அனுப்பினியா. நான் என்ன கிறுக்கனா என்று எகிறினான். சரி, எகிறுகிறவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

இந்த ஆப் எங்கேயிருந்து வந்தது? அவனுக்குத் தெரியவில்லை. கரையில் ஒருவர் கொடுத்தார். அவருக்கு இன்னொருவர் கொடுத்தார். போனிலிருந்து போனுக்குத் தாவித் தாவி வந்திருக்கிறது, முதலில் கொண்டுவந்த புண்ணியவான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது ஓப்பன் சோர்ஸ் ஆப். அதாவது அதன் மூல நிரலை எழுதினவர்கள், எல்லோரும் படிக்கட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் செய்தவர்களின் டிஜிட்டல் கையெழுத்து ஒன்று இருக்கும். அண்ணன் போனில் இருந்த ஆப்பில் கையெழுத்து வேறாக இருந்தது. யாரோ நடுவில் பிரித்து, எதையோ சேர்த்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். அப்பாடா, கிடைச்சுட்டான் திருடன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

செய்தவர்களின் தளத்திலேயே தயாரான ஃபைல் ஒன்று இருந்தது. அதை இறக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். என் புத்தி விடுமா? கோதுமையைக் கண்ணாடி டப்பாவில் காட்டிவிட்டு மாவைப் பாக்கெட்டில் கொடுத்தால், அந்தக் கோதுமையில் அரைத்ததுதான் இந்த மாவு என்று எனக்கு எப்படித் தெரியும்? நானே அரைக்கிறேன் என்று முடிவு பண்ணினேன். மூல நிரலை இறக்கி, படித்து, என் லேப்டாப்பிலேயே ஆப்பாக பில்டு செய்து, அதை அண்ணன் போனில் ஏற்றுவது. அதற்குப் பிறகு யாரையும் நம்பவேண்டிய அவசியம் இல்லை.

இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஆபீஸ் லேப்டாப்பில் இதையெல்லாம் ஏற்ற விடமாட்டார்கள். என்னுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியை ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நிரலை ஆப்பாக மாற்றுவதற்கு ஒரு பில்டு டூல் வேண்டும். அதன் தளத்துக்குப் போனால், இந்த ஒரு வரியை காப்பி பண்ணி ஒட்டுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று போட்டிருந்தது. அந்த வரி என்ன செய்யும் தெரியுமா? இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, நான் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கம்ப்யூட்டரில் ஓட்டிவிடும். முன்பின் தெரியாதவர் வந்து, கதவைத் திறந்து வச்சுட்டு நீங்க கண்ணை மூடிக்கிங்க என்று சொன்னால் மூடுவோமா? ஸ்கிரிப்டைத் தனியாக இறக்கி முழுக்கப் படித்தேன். ஒன்றும் தப்பாக இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு டூலையே இறக்கினேன். இறங்கின ஃபைல் நடுவில் யார் கையும் படாமல் வந்ததா என்று பார்க்க, தளத்தில் நீளமாக எழுத்தும் எண்ணுமாக ஒரு சரம் கொடுத்திருப்பார்கள். என் ஃபைலுக்கும் அதே சரம் வரவேண்டும். கம்ப்யூட்டரே ஒப்பிட்டு, சரி என்று சொல்லிவிட்டது. நான் விடவில்லை, ஸ்க்ரீனில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அந்த நேரம் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். பல்லியைத் தேடுறியா என்று கேட்டார்.

டூல் ஏறியது. ஓட்டினால், ஜாவா பதிப்பு சரியில்லை என்று சிவப்பில் திட்டியது. என்னிடம் இருந்தது புதுசு, அதற்குப் பழசுதான் வேண்டுமாம். பழசைப் போட்டால் வேறொன்று இல்லை என்றது. அதைப் போட்டேன். பாதியில் கரண்ட் போனது. பேட்டரி ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டேன். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை சிவப்பு இல்லை. ஆனால் அது பாட்டுக்கு எங்கெங்கிருந்தோ மற்றவர்கள் எழுதி வைத்த லைப்ரரிகளை இறக்க ஆரம்பித்தது. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது நாலைக் கூப்பிடுகிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீட்டிலிருந்து பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி. என் ஹாட்ஸ்பாட் டேட்டா கரைந்துகொண்டிருந்தது. வெளியில் சாப்பிடமாட்டேன், நானே சமைக்கிறேன் என்று வீறாப்பாக உட்கார்ந்தவளுக்கு, மிளகாய்ப்பொடியிலிருந்து உப்பு வரைக்கும் அடுத்தவர் பாக்கெட் என்று அப்போதுதான் உறைத்தது. அத்தனையையும் படிக்க ஒரு ஆயுசு போதாது. எங்கேயோ ஒரு இடத்தில் நம்பித்தான் ஆகவேண்டும். எரிச்சலோடு நம்பினேன்.

நம்பினாலும் சும்மா இருக்கவில்லை. ஆப்பின் சொந்த நிரலில் எங்கெல்லாம் அது இணையத்துக்குப் போகிறது என்று தேடினேன். மேப் இறக்குவதற்குப் போகிறது. ஆப் பாதியில் படுத்துவிட்டால் செய்தவர்களுக்குத் தகவல் சொல்லப் போகிறது. இரண்டையும் வெட்டினேன். கடைசியில், இந்த ஆப்புக்கு இணைய அனுமதி வேண்டும் என்று கேட்கிற அந்த வரியையே தூக்கினேன். மேப்பைக் கையால் போட்டுக்கொள்ளலாம். இனி இந்த ஆப்புக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. பில்டு முடிந்தது என்று பச்சையில் வந்தபோது, ஊறப் போட்ட துணி நாற ஆரம்பித்திருந்தது.

மறுபடி ஊருக்குப் போய், கரையில் படகுக்குப் பக்கத்தில் வைத்து அண்ணன் போனில் ஏற்றப் போனபோது இன்னொரு வில்லங்கம். கையெழுத்து வேறு என்பதால் பழைய ஆப்பை அழித்துவிட்டுத்தான் புதுசைப் போட முடியும். அழித்தால் பாயிண்டுகளும் போய்விடும். அவற்றைத் தனி ஃபைலாக முதலில் எடுக்கவேண்டும் என்றேன். அண்ணன் போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். எந்தப் பட்டனை அமுக்கணும்னு நீ சொல்லு, நான் அமுக்குறேன் என்றான். நான் தலையைத் திருப்பிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவன் ஸ்க்ரீனைக் கையால் மறைத்துக்கொண்டு அமுக்கினான். கூடப் பிறந்த தங்கச்சி நான், நண்டுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் சட்டியில்தான். கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, நம்ம ரத்தம்தானே என்று.

கூட்டாளி அப்போது அங்கேதான் இருந்தார். படகின் ஓரத்தில் உட்கார்ந்து இஞ்சின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தங்கச்சி, செல்லுக்கு ஆபரேஷனா என்று கேட்டார். ஆமாண்ணே என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கவனித்தேன். முழிக்கிறாரா, வேர்க்கிறதா என்று பார்த்தேன். வெயிலில் உட்கார்ந்திருந்ததால் வேர்த்துத்தான் இருந்தது.

அந்த வாரமே அண்ணன் போன் போட்டான். புதிய ஆப், புதிய பாயிண்ட், மறுநாள் போனால் அதே கொடிகள்.

அவன் ஒன்றும் கத்தவில்லை. ஆப் இல்லைன்னு ஆயிருச்சு, அப்ப ஆளுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அழிப்பதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த பழைய ஆப்பையும் அதற்குள் என் லேப்டாப்பில் பிரித்துப் பார்த்திருந்தேன். அதில் சேர்த்திருந்தது விளம்பரம் காட்டுகிற சமாச்சாரம் மட்டும்தான். எவனோ நாலு காசு பார்க்கச் செய்தது. பாயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதையும் அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

எங்கள் கரையில் ஒருவரைப் படகிலிருந்து நிறுத்துவதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. போகும்போது வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஒருநாள் குரல் கொடுக்காமல் போய்விட்டால் அவ்வளவுதான். அண்ணன் வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கூட்டாளி வழக்கம்போல டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தாராம். படகு கட்டுகிற இடம் காலியாகக் கிடந்ததாம். கேனைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றார் என்று அம்மா போனில் சொன்னாள். பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒன்றைச் சரிபண்ணியும் கோளாறு போகவில்லை என்றால், அடுத்தது எது கண்ணில் படுகிறதோ அதன்மேல் பழியைப் போடுவது புரோகிராம் எழுதுகிறவர்களின் வழக்கம். அதை ஏற்றுக்கொண்டால் நான் என்ன டெஸ்டர்? கூட்டாளி போன பிறகாவது கொடிகள் நின்றனவா என்று அண்ணனிடம் கேட்டேன். நிக்கலை என்றான். புதுசா ஏத்துன ஆளும் சரியில்லைபோல என்று சேர்த்துக்கொண்டான். அட கிறுக்குப்பயலே என்று வாய்விட்டே சொன்னேன். உடனே கிளம்பி ஊருக்குப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கடலில் இருந்தான். மதினி அடுப்படியில் கோலா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது. மதினிக்கும் எனக்கும் ஒரே வயசு, நல்ல ஒட்டுதல். கையெல்லாம் அரைத்த கறி. ஜன்னலில் இருந்த செல் டிங் என்றது.

"ஒங்க அண்ணன்தான், வலை விட்டுருப்பாரு. அதை அப்படியே எங்க அம்மாவுக்குத் தள்ளிவிட்ரு புள்ள, கையெல்லாம் கறியா இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அண்ணன் அனுப்பிய லொக்கேஷன். கடலுக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழே, வலை போட்டாச்சு, வாரேன்.

மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு புள்ளி, அதற்கும் முன்னால் ஒரு புள்ளி. கடலுக்குப் போன நாளெல்லாம் புள்ளி. மதினியின் அம்மாவுக்குப் போன பக்கத்தைத் திறந்தால், அங்கேயும் அத்தனை புள்ளிகளும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஓதிட்டேன்மா என்று அந்தம்மாவின் குரல் பதிவு.

விசாரித்தேன். மதினி மறைக்கவெல்லாம் இல்லை. போன மழைக்காலத்தில் தெரிந்தவர் படகு ஒன்று இஞ்சின் நின்று நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போய், எங்கே தேடுவது என்று தெரியாமல் கரையே அழுதது. அதற்கப்புறம் மதினி ஒரே பிடிவாதம், வலை விட்டதும் எங்கே இருக்கீங்கன்னு எனக்கு வந்துரணும் என்று. அண்ணன் ஒத்துக்கொண்டான். மதினி அதைத் தன் அம்மாவுக்கு அனுப்பும், அந்தம்மா மருமகன் பத்திரமாகக் கரைசேர குர்ஆனிலிருந்து யாசீன் ஓதும். செல்போன் பார்க்கத் தெரியாத அம்மா. போனை எடுத்துக் கொடுப்பதும், சார்ஜ் போடுவதும், இந்தாம்மா மச்சான் அனுப்பியிருக்காரு என்று காட்டுவதும் மதினியின் அண்ணன்மார். அவர்களுக்கும் நண்டு வலைதான்.

மதினி அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஓதத்தானே அனுப்புனேன், ஓதத்தானே அனுப்புனேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. மதினியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அண்ணனை நினைத்தால்தான் பத்திக்கொண்டு வந்தது. யாருக்காவது அனுப்பினியா என்று நான் கேட்டபோது அவன் பொய் சொல்லவில்லை. பெண்டாட்டிக்கு அனுப்புவதை அவன் யாருக்கோ அனுப்புவதாக நினைக்கவே இல்லை. வலைக்குப் பக்கத்தில் கிடந்த கொடிகளில் மச்சான்மார் கொடியும் ஒன்று. அதையும் அவன் தினமும் பார்த்திருக்கிறான். சொந்தக்காரன் கொடி என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மச்சான்மாரிடம் கேட்டபோது அவர்கள் கொஞ்சமும் அசரவில்லை. மச்சான் எடம்னா என்ன, அந்நியமா, பக்கத்துல போட்டா என்னவாம் என்று கேட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்து மற்றவர்கள் பின்னாலேயே போயிருக்கிறார்கள். திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை, திருடன் என்று ஒருவருக்கு மட்டும் பேர் விழுந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியலில் வலையை எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு எங்கள் தெருப் படகுகள் கடலுக்குப் போகாது. ஜும்மா தொழுகை முடிந்து அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு மீனவத் தெருவுக்கு நடந்தான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டுக்கொண்டு வந்தான்.

கூட்டாளி வீட்டுக்கு முன்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, யாருடையதோ கிழிந்த வலையைக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாங்க தங்கச்சி, வா மாப்ள என்றார். உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார். அந்த மரியாதையில்தான் எனக்கு உடம்பு கூசியது.

அண்ணன் எல்லாவற்றையும் கொட்டினான். ஆரம்பத்திலிருந்து சொன்னான். ஆப்பின் மேல் சந்தேகம் வந்தது, தங்கச்சி அதை நம்பாமல் மூலத்தையே இறக்கிப் படித்தது, அதைச் செய்கிற டூலையும் நம்பாமல் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தது, வரிகளை வெட்டினது, எல்லாம். என் பெருமையைச் சொன்னால் தன் குற்றம் சின்னதாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. கடைசியாக மச்சான்மார் விஷயத்தைச் சொல்லி, தப்பாயிருச்சு மாப்ள, நாளையிலேருந்து வா என்றான்.

கூட்டாளி தையலை நிறுத்தாமல் கேட்டார். முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"செல்லுக்குள்ள இருக்குறதையெல்லாம் இத்தனை தடவை கேட்டுப் பாத்திருக்கீங்க. நல்லது. என்கிட்ட ஒரு வார்த்தை, நீ சொன்னியாடான்னு கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருப்பேன் மாப்ள."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. அண்ணன் தலையைத் தூக்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இப்பக் கேக்குறேன். நீ சொன்னியா?"

கூட்டாளி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்கு மாப்ள? இப்பதான் ஒனக்குத் தெரியுமே."

டீயை எடுத்து எங்கள் இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். ஆறிப்போகுது, குடிங்க என்றார்.